சார்ந்திருப்பவர் யார்?

ஆண்மகன் எதற்கெல்லாம் வீட்டைவிட்டுப் பிரிந்து போகலாம் என்பதற்குத் தொல்காப்பியம் கணக்கு வைத்திருக்கிறது. ஓதப் போகலாம், பகைமேல் போகலாம், தூது போகலாம், பொருள் தேடப் போகலாம். ஓதப் போனவன் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்று கெடுவும் உண்டு. கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணைக் கூட்டிப்போகும் வழக்கமில்லை என்பதும் அதே பொருளதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்த நூற்பாவுக்கு உரைகாரர்கள் வெவ்வேறு பொருள் சொன்னார்கள். பெண் வீட்டில்தான் இருப்பாள் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

இதை இருபது வருடங்களாக ஒரு மகளிர் கல்லூரியில் நடத்திக்கொண்டிருக்கிறேன். பகுதி ஒன்று தமிழ் வகுப்பு என்பதால் வணிகவியல், கணினி அறிவியல் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். பாலைத்திணை நடக்கும்போது கடைசி பெஞ்சில் யாராவது ஒருத்தி மடியில் ஐஇஎல்டிஎஸ் புத்தகம் விரிந்திருக்கும். நான் கண்டுகொள்வதில்லை. அவளும் பிரிவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் "என்ன படிக்கப் போறே?" என்றால், "கனடா போறேன் மேம், பி.ஆர். கிடைக்கும்" என்கிறார்கள். பாடத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. கையெழுத்துப் போடுகிறவள் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கனடாவின் குடிவரவு விதிகளை உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பழகிய தெருவுக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது. அங்கேயும் ஓதல் என்றொரு வாசல், பொருள் என்றொரு வாசல். படிக்க வந்து, வேலை பார்த்து, அப்படியே தங்கிக்கொள்வது ஒன்று. பணத்தோடு வந்து தங்கிக்கொள்வது இன்னொன்று. படிப்பு முடித்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதியின் உச்சவரம்புகூட மூன்றாண்டுதான். தொல்காப்பியர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

இந்த விதிகளில் ஆண் என்ற சொல்லே கிடையாது, பெண்ணும் தாராளமாக விண்ணப்பிக்கலாமே என்று சொல்வார்கள். உண்மைதான். 2002இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவுச் சட்டம், பாலின அடிப்படையிலான ஆய்வையும் ஆண்டறிக்கையோடு நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. அவ்வளவு நாகரிகமான சட்டம். ஆனால் வாசலின் உயரத்தையும் அகலத்தையும் யாருடைய வாழ்க்கையை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள்.

2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஆளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 1200. தனி ஆளாக விண்ணப்பித்தால் 20 வயதிலிருந்து 29 வரை வயதுக்கு மட்டும் 110. முப்பது பிறந்ததும் தேய்பிறை தொடங்குகிறது. 35இல் 77. 40இல் 50. 45இல் பூஜ்யம். ஆணுக்கும் இதே கணக்குதான். ஆனால் அந்த இருபதிலிருந்து முப்பத்தைந்துவரை நம் வீடுகளில் ஆண் என்ன செய்துகொண்டிருக்கிறான், பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? திறன்மிகு பணியாளர் பிரிவில் குறைந்தது ஓராண்டு இடைவிடாத வேலை அனுபவம் கேட்கிறார்கள். இடைவிடாத என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றேன். எனக்குத் தெரிந்த பெண்களின் வேலைச் சரித்திரம் முழுக்க இடைகளால் ஆனது. பிரசவம் ஓர் இடை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது ஓர் இடை. கணவருக்கு ஓசூருக்கு மாற்றலானது ஓர் இடை. இந்த இடைகளில் அவர்கள் செய்த வேலைக்கு எந்த நாட்டுப் படிவத்திலும் கட்டம் இல்லை.

திருமணமானவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர். மற்றவருக்கு அந்த 1200இல் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 40. மொழித்திறனுக்கு 20, கனடாவில் பார்த்த வேலைக்கு 10, படிப்புக்கு 10. எனக்கு வயது நாற்பத்தாறு. தனியாகப் போனால் வயதுக்குப் பூஜ்யம். கணவரின் பின்னால் போனால், ஏழு வருடம் எழுதிய என் முனைவர் பட்டத்துக்குப் பத்து மதிப்பெண். நான் போகப்போவதில்லை, அதனால் சிரித்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு வயதில், இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது சிரிப்பாக இருக்காது. யாருக்கு மார்க் அதிகமோ அவர் பெயரில் போடுங்கள் என்பார் ஏஜென்ட். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அவன்தான் வருவான். கணக்கு நடுநிலையானது. கூட்டப்படும் எண்கள் அவளுடைய வீட்டில் தயாரானவை.

பொருள் வாசலைப் பார்ப்போம். கனடா அரசு முதலீட்டாளர்களுக்கென்று குடிவரவுத் திட்டம் தொடங்கியது 1986இல். அதே 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 150க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அவர்கள் புறப்பட்ட இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று பெரிய சர்ச்சை நடந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் நேர்மையை நாடு சோதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், பணம் வைத்திருப்பவர்களுக்கு வாசல் கட்டிமுடிக்கப்பட்டது. பின்னாளில் அதன் நுழைவுக் கட்டணம் இப்படி ஆனது: 16 லட்சம் கனடிய டாலர் சொத்து காட்ட வேண்டும், 8 லட்சம் டாலரை அரசுக்கு ஐந்தாண்டு வட்டியில்லாமல் கொடுத்து வைக்க வேண்டும். காலம் முடிந்ததும் பணம் திரும்பி வந்துவிடும். குடும்பம் முழுவதற்கும் பி.ஆர்.

இந்த வழியில் வந்தவர்களில் பெரும்பங்கு ஹாங்காங், தைவான், பிறகு சீனா. ஹாங்காங் 1997இல் சீனாவிடம் போவதற்கு முன் வான்கூவரிலும் ரிச்மண்டிலும் ஒரு புதுவகைக் குடும்பம் முளைத்தது. கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே குடியமர்த்திவிட்டுத் தொழிலைப் பார்க்கத் திரும்பிவிடுவான். மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்குச் சிலமுறையோ விமானத்தில் வந்து போவான். அவனுக்கு விண்வெளி வீரன் என்று பெயர் வைத்தார்கள். சீன மொழியில் அந்தச் சொல்லை வேறுவிதமாக உடைத்தால் மனைவி இல்லாத வீட்டுக்காரன் என்ற பொருளும் தொனிக்கும். பெயரும் சிலேடையும் அவனுக்கே கிடைத்தன. வான்கூவரில் பனியைத் தள்ளிக்கொண்டு, தெரியாத மொழியில் பிள்ளைகளின் ஆசிரியரோடு பேசிக்கொண்டு, குடும்பத்தின் குடியுரிமைக்காக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள் ஹாங்காங்கில் வங்கியில் வேலை பார்த்தவளாக இருக்கலாம், ஆசிரியையாக இருந்திருக்கலாம். முதலீட்டாளரின் மனைவி என்ற வகையில் அவள் சார்ந்திருப்பவர். அந்த நாட்டில் தங்கி அந்த பி.ஆரைக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். யாரை யார் சார்ந்திருந்தார்கள்?

இந்தத் திட்டத்தை 2014இல் கனடா மூடியது. மூடுவதற்கு அரசு தன் பட்ஜெட் ஆவணத்திலேயே சொன்ன காரணத்தை இந்தப் புத்தகத்தை வாசிக்கும் ஒவ்வொருத்தியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இருபதாண்டுக் காலத்தில் ஒரு முதலீட்டாளர் கட்டிய வருமானவரி, திறன்மிகு பணியாளர் ஒருவர் கட்டியதைவிட ஏறக்குறைய 2 லட்சம் டாலர் குறைவு. வீட்டோடு தங்கிக் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்ட பணிப்பெண் ஒருத்தி கட்டியதைவிட ஏறக்குறைய 1 லட்சம் டாலர் குறைவு.

திரும்பப் படியுங்கள். கோடீஸ்வரனைவிட ஆயா அதிக வரி கட்டியிருக்கிறாள். இதைச் சொன்னது பெண்ணிய இயக்கம் இல்லை, ஒரு பழமைவாதக் கட்சியின் நிதியமைச்சகம்.

அந்த ஆயா எந்த வழியில் வந்தாள்? 1992இல் தொடங்கிய, வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டத்தின் வழியில். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள். முதலாளியின் வீட்டிலேயே தங்கி இரண்டாண்டு வேலை பார்த்தால்தான் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். எஜமானனின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் தூங்கினால்தான் நாட்டில் இடம் என்ற விதி 2014 நவம்பர் வரை இருந்தது. அந்த இரண்டாண்டும், அதற்குப்பின் காகிதங்கள் நகரும் வருடங்களும், அவளுடைய சொந்தப் பிள்ளைகள் மணிலாவிலோ செபுவிலோ பாட்டியிடம் வளர்ந்தார்கள். இதற்கு ஒரு பாட்டியும் உண்டு. 1955இல் ஜமைக்கா, பார்படோஸ் பெண்களை வீட்டுவேலைக்கு அழைத்த திட்டம் அது. திருமணமாகாதவளாக, குழந்தை இல்லாதவளாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குழந்தை இருந்தவர்கள் மறைத்துவிட்டுப் போனார்கள். போய் வருடக்கணக்கில் உழைத்த பிறகு, பெற்ற பிள்ளைகளை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டபோது, மறைத்த குற்றத்துக்காக ஏழு ஜமைக்கத் தாய்மார்களை நாடுகடத்தப் பார்த்தார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி 1979இல் தங்கும் உரிமையை வாங்கினார்கள். பணத்தோடு வருகிறவனுக்குக் குடும்பத்தோடு வா என்ற வரவேற்பு. உழைக்க வருகிறவளுக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை.

அதே குரல் இப்போது மாணவியிடம் பேசுகிறது. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சி சாராத முதுகலைப் படிப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் துணையையோ குழந்தையையோ அழைத்துவர முடியாது. 20 லட்சம் பவுண்டு போட்டவர்களுக்கான முதலீட்டாளர் விசாவை அந்த நாடு 2022 பிப்ரவரியில்தான் மூடியது. கடைசி நாள்வரை அவர்களின் குடும்பத்துக்கு எந்தத் தடையும் இல்லை. மாணவர்களுக்கான தடையில் ஆணும் பெண்ணும் சமம்தான். நான்கு வயதுக் குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓராண்டு படிக்கப்போகும் ஆணை நம் ஊர் பொறுப்பானவன் என்னும். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டுப் போகும் பெண்ணை என்ன சொல்லும் என்று எழுதிக்காட்ட வேண்டியதில்லை. திருமணத்துக்குப் பிறகு மறுபடி படிக்க நினைத்த எத்தனை பேருக்கு அந்த ஒற்றை விதி கதவைச் சாத்தியிருக்கும்.

மாணவி, முதலீட்டாளர் என்று இரண்டு தனி வாசல் இருப்பதாக எழுதினேன். சொல்லுக்காக அப்படி எழுதினேன், நிஜத்தில் மாணவியும் முதலீட்டாளர்தான். ஒன்டாரியோ மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2021இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். அங்குள்ள அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம், கல்விக்கட்டண வருமானத்தில் அவர்கள் கட்டியது 68 சதவீதம். அந்த வெளிநாட்டு மாணவர்களில் 62 சதவீதம் இந்தியர்கள். இது போதாதென்று, வாழ்க்கைச் செலவுக்கென்று முன்கூட்டியே காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. ஒரு நாட்டின் கல்லூரிகளைத் தன் தகப்பனின் நிலத்தை அடகுவைத்து நடத்திக்கொடுக்கிறாள் நம் பெண். 8 லட்சம் டாலர் கொடுத்தவனுக்கு அசல் திரும்பியது. இவளுக்கு ஒரு பட்டயச் சான்றிதழும், வாரத்துக்கு 24 மணிநேரம் வெளியில் வேலை பார்க்க அனுமதியும். காப்பிக் கடையிலோ முதியோர் இல்லத்தின் இரவுப் பணியிலோ அந்த மணிநேரங்கள் போகும். சம்பளத்தில் பிடித்தம் உண்டு. ஆனால் முழுநேர மாணவியாக இருக்கும்போது பார்த்த வேலை, கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர். கேட்கும்போது அனுபவமாகச் சேராது. அவள் உழைத்தது கனடாவில்தான், கனடிய அனுபவம் மட்டும் இல்லை. வீட்டுவேலை வேலையில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நிலத்தை அடகுவைத்து என்று எழுதியதை ஒரு திருத்தத்தோடு படிக்க வேண்டும். நிலம் மகனுக்குத்தான் எளிதாக அடகுபோகும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி ஈடு கேட்கும். பட்டா அப்பா பெயரில் இருக்கும், அல்லது இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் 1989இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அது சட்டம். வங்கிக் கிளையின் மேசைமுன் நடப்பது வேறு. ஒரு மாணவியின் அம்மா என்னிடம் சொன்னார்: "பையன்னா ஒண்ணுமில்ல மேடம், நெலத்த வச்சுடலாம், சம்பாரிச்சு மீட்டுருவான். பொண்ணு மீட்டா அது இன்னொருத்தன் வீட்டுக்குல்ல போகும்." அவர் கெட்டவர் இல்லை. களையெடுத்து அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தவர். அவருடைய பெயரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

பஞ்சாபில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐஇஎல்டிஎஸ் தேறிய பெண்ணை மருமகளாக எடுத்து, அவள் படிப்புச் செலவை மாப்பிள்ளை வீடு ஏற்றுக்கொள்வது. அவள் மாணவியாகப் போவாள், அவன் துணைவராகப் பின்னால் போவான். சாதியும் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து மணமகள் தேவை விளம்பரமாக வந்தது. வரதட்சணை திசைமாறிவிட்டது, பெண் கை ஓங்கிவிட்டது என்று புளகாங்கிதப்பட்டவர்களை நான் படித்திருக்கிறேன். கட்டணம் கட்டிய குடும்பம் அவளுடைய மணிநேரங்களுக்கும் கருப்பைக்கும் சேர்த்துத்தான் கட்டியதாக நினைத்தது. போன பிறகு சில பெண்கள் அவனை அழைத்துக்கொள்ளவில்லை. உடனே ஏமாற்றுக்காரிகள் என்று ஊடகங்களில் கூச்சல். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் நகையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, இங்கே மனைவியை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் காணாமல்போனது எத்தனை காலமாக நடக்கிறது? அந்தப் புகார்களுக்கென்றே தேசிய மகளிர் ஆணையத்தில் 2009இல் தனிப் பிரிவு திறக்கும் அளவுக்கு நடந்தது. அப்போதெல்லாம் அது விதி, அவள் தலையெழுத்து. இப்போது மோசடி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துணைவராகப் போகும் பெண். 2025 ஜனவரியிலிருந்து கனடாவில், மாணவர் படிப்பது குறைந்தது 16 மாத முதுகலையாகவோ முனைவர் பட்டமாகவோ குறிப்பிட்ட சில தொழிற்படிப்பாகவோ இருந்தால்தான் அவருடைய துணைக்கு வேலை அனுமதி. கணவன் சாதாரணப் பட்டயம் படிக்கப் போயிருந்தால், இங்கே ஆறு வருடம் செவிலியராக இருந்தவள் அங்கே பேஸ்மென்ட் அறையில் சம்பளமில்லாமல் சமைத்துக்கொண்டிருப்பாள். அடித்தால் எங்கே போவாள்? கனடாவில் 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஒரு விதி இருந்தது. புதிதாக மணமாகிக் கணவனோ மனைவியோ அழைத்து வந்தவர்கள், குழந்தை இல்லாத பட்சத்தில், இரண்டாண்டு அவரோடு சேர்ந்து வாழ்ந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். பறிபோகும். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள். விலக்கு இருப்பதை அந்த வீட்டுக்குள் போய் அவளிடம் சொல்வது யார்? பெண்கள் அமைப்புகள் விடாமல் எதிர்த்ததில் அது போனது. பிரிட்டனில் மாணவரின் துணைக்கு இப்படி அடிபட்டால் கிடைக்கும் அவசரச் சலுகை 2024 பிப்ரவரியில்தான் வந்தது. மூன்று மாதம் தங்கவும் அரசு உதவி பெறவும் அனுமதி. நிரந்தரமாகத் தங்கும் உரிமை அதோடு வராது. அதற்குள் அவள் ஊருக்குத் திரும்புவது பற்றி யோசிக்க வேண்டும், ஊர் அவளைப் பற்றி யோசிப்பது ஒருபுறம் இருக்க.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அறிவெல்லாம் வெளியே போகிறதே என்று புலம்பும் ஆண்களோடு எனக்கு ஒட்டும் உறவும் இல்லை. இங்கே இருந்தபோது அந்த அறிவை அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். விமானம் ஏறிவிட்டால் விடுதலை என்று சொல்லும் தோழிகளோடும் எனக்குச் சண்டை உண்டு. ஒரு தகப்பனின் கையெழுத்திலிருந்து கணவனின் கையெழுத்துக்கும், அங்கிருந்து ஒரு கல்லூரியின் கட்டண ரசீதுக்கும் மாறுவதை விடுதலை என்று என்னால் எழுத முடியவில்லை. மாணவியாகப் பார்த்த வேலை அனுபவமாக எண்ணப்பட வேண்டும். பிள்ளை வளர்த்த வருடங்களை வயதுக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். துணைவரின் விசா கணவனின் விசாவில் தொங்காமல் தன் காலில் நிற்க வேண்டும். இவை ஒட்டாவாவிலும் லண்டனிலும் கேட்க வேண்டியவை, அங்கே போய்ச் சேர்ந்த நம் பெண்கள் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். பட்டாவில் பெயர் கேட்பது இங்கே, கிளம்புவதற்கு முன்பு.

கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் சில கேள்விகள் கேட்கிறேன். கடன் யார் பெயரில், தவணை யார் கட்டுவது? கனடாவில் உன் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? கல்யாணம் பேசுகிறார்கள் என்றால், விண்ணப்பத்தில் முதல் பெயர் யாருடையது? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது என்று தெரியுமா? சிலர் எரிச்சலோடு கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணினி அறிவியல் முடித்த ஒருத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் இருபத்திரண்டு பவுன் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணிகூட வேண்டாம், அதை இப்போது கொடுங்கள், கட்டணத்துக்கு விற்றுக்கொள்கிறேன், எனக்குச் சேர வேண்டிய நிலத்துக்கும் கணக்கு எழுதிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அம்மா அழுகிறார். தம்பி பேசுவதில்லை. முதல் தவணை கட்ட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அப்பா பதில் சொல்லவில்லை.